உள்ளூர் வரலாற்று மன்றத்தின் மாதக் கூட்டத்துக்கு முதன்முறை செல்பவருக்கு

உள்ளூர் வரலாற்று மன்றம் ஒன்று மாதந்தோறும் நடத்தும் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஆனால் "நாம் வரலாறு படித்தவர் இல்லையே, அங்கே பேசுவது நமக்குப் புரியுமா" என்ற தயக்கத்திலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்தத் தயக்கத்துக்கு உண்மையில் இடமே இல்லை. இத்தகைய கூட்டங்களுக்கு வருபவர்களில் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் சிலரே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நில அளவைத் துறையில் பணியாற்றியவர்களும், கல்லூரி மாணவர்களும், வீட்டுப் பரணில் கிடைத்த பழைய பத்திரத்தின் பொருள் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு வருபவர்களும்தான் பெரும்பாலோர். பல ஆண்டுகளாகத் தவறாமல் இத்தகைய கூட்டங்களுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், முதல் நாள் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுபவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் நூல்களிலும் கிடைக்கும். அந்தத் தகவல் எந்தக் கல்லிலிருந்து, எந்தத் தாளிலிருந்து, யார் வாயிலிருந்து வந்தது என்பதை அதைத் தேடிப் பிடித்தவரிடமே நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பு கூட்டத்தில்தான் கிடைக்கும். "இது எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, சுமாரான உரையிலிருந்துகூட ஏதாவது கிடைக்கும்.

மன்றத்தைக் கண்டறிதல்

பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகை, அருங்காட்சியகம், கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஆவணக் காப்பகத்தின் படிப்பறை, நாளிதழின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதி ஆகிய ஐந்து இடங்களில் தேடினால் அருகில் இயங்கும் மன்றத்தின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று நாளை நிலையாக வைத்துக்கொண்ட மன்றமாக இருந்தால் தொடர்ந்து செல்வது எளிது. செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, கூட்டம் அனைவருக்கும் உரியதா அல்லது உறுப்பினருக்கு மட்டுமா, முன்பதிவு வேண்டுமா, வழக்கமான இடத்திலேயே நடக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அரங்கம் கிடைக்காமல் இடம் மாறுவது அடிக்கடி நடப்பதால், பூட்டிய கதவின் முன் நின்று திரும்ப நேரிடும்.

எந்த மன்றம் நல்ல மன்றம் என்று அறிய, கடந்த ஓராண்டில் அங்கே நிகழ்ந்த உரைகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிலம், நீர்நிலை, வழிபாட்டிடம், வணிகம், பள்ளி, கூலி, நோய், இடப்பெயர்வு என்று பொருள்கள் பரவிக் கிடந்தால் தயங்காமல் செல்லலாம். ஒரே குலத்தின் அல்லது ஒரே குடும்பத்தின் பெருமையே மாதாமாதம் வெவ்வேறு தலைப்பில் திரும்பத் திரும்ப வருமானால், அங்கே கேள்விக்கு இடம் இருக்காது என்பது என் அனுபவம். மன்றம் ஓர் இதழோ ஆண்டு மலரோ வெளியிடுகிறதா என்பதும் முக்கியம். பேசியதை அச்சில் ஏற்றும் வழக்கம் இருக்கும் இடத்தில் பேச்சாளர்கள் சான்று இல்லாமல் பேசத் தயங்குவார்கள்.

கூடிப் பேசுவதும் பேசியதை அச்சிடுவதும் இத்தகைய அமைப்புகளுக்கு நெடுநாளைய பழக்கம். இலண்டனில் பழம்பொருள் ஆர்வலர் சிலர் 1707-இல் ஒரு மதுவிடுதியில் கூடத் தொடங்கியதுதான் பின்னாளில் தொல்பொருள் கழகமாக வளர்ந்தது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் ஆசியக் கழகத்தை நிறுவினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து, 1786-இல் அக்கழகத்தின் ஆண்டு உரையில்தான் வெளிப்பட்டது. இந்தியாவைப் பற்றி ஆராய்ந்த அந்தக் கழகத்தில் 1829 வரை இந்தியர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை. இன்று பெயரை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு எவரும் உள்ளே சென்று அமரலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

புறப்படும் முன்

தலைப்பு தெரிந்தவுடன் அதைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை. உரையில் வரும் ஊர்களும் ஆறுகளும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று வரைபடத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும். அதைவிடப் பயன் தருவது, குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டிவைப்பது. அந்தத் தாளில் உங்கள் பகுதியை ஆண்ட அரசர்களின் பெயரையும் அவர்கள் பட்டத்துக்கு வந்த ஆண்டையும், பழைய ஆண்டுக் கணக்குகளை இன்றைய கணக்குக்கு மாற்றும் முறையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டாவதில் புதியவர்கள் மிகவும் தடுமாறுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சக ஆண்டு என்று சொன்னால் அதனுடன் 78-ஐக் கூட்டினால் பொது ஆண்டு, அதாவது இன்றைய கி.பி. ஆண்டு, கிடைக்கும். இன்றைய நாட்காட்டியின் முதல் இரண்டு மூன்று மாதங்களில், சனவரியிலிருந்து மார்ச்சுக்குள், வரும் நாளாக இருந்தால் 79-ஐக் கூட்ட வேண்டும். கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால், அதிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், சனவரிக்குப் பின் 825-ஐயும் கூட்ட வேண்டும். நில வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு சூலை 1-ஆம் தேதி தொடங்குவது. 1434-ஆம் பசலி என்றால் 2024 சூலை முதல் 2025 சூன் வரை, அதாவது தொடக்கத்துக்கு 590-ஐக் கூட்டுகிறோம். ஹிஜ்ரி ஆண்டுக்கு இப்படி ஒரே எண்ணைக் கூட்ட முடியாது. அது சந்திரனைக் கொண்டு கணக்கிடுவதால் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான், எனவே அதற்கென உள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். பிரபவ, விபவ என்று தொடங்கும் அறுபது ஆண்டு வட்டம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் அது போதாது. 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் பிரபவ ஆண்டு பிறந்திருக்கிறது. எந்தப் பிரபவ என்று முடிவு செய்யப் பத்திரத்தின் தாள், முத்திரை, எழுத்து, அதில் வரும் ஆட்களின் பெயர் ஆகியவற்றில் வேறொரு துணை வேண்டும்.

ஆங்கிலேயர் எழுதிய ஆவணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதிதான் பிறந்தது. ஆகவே அக்காலக் கடிதம் ஒன்றில் 1723 பிப்ரவரி என்று இருந்தால், நம் கணக்கில் அது 1724 பிப்ரவரியாக இருக்கக்கூடும். 1752-இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று வைத்துக்கொண்டார்கள். இடையில் உள்ள 11 தேதிகள் அந்நாட்டு ஆவணங்களில் கிடையவே கிடையா. இவையெல்லாம் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. பின்னட்டையில் இருந்தால் போதும்.

முதல் கூட்டம்

கால் மணி நேரம் முன்னதாகச் சென்று வருகைப் பதிவேட்டில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு உங்களுக்கு வருவது அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான். பின்வரிசையில் ஒதுங்கி அமர வேண்டாம். திரையில் காட்டப்படும் கல்வெட்டுப் படங்களிலும் பழைய வரைபடங்களிலும் எழுத்து மிகச் சிறியதாக இருக்கும் என்பதால் மூன்றாவது அல்லது நான்காவது வரிசையின் நடுப்பகுதியே நல்ல இடம். வரவேற்பு, பேச்சாளர் அறிமுகம், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத உரை, கேள்வி நேரம், நன்றியுரை என்ற வரிசையில்தான் பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும்.

கைபேசியை ஒலியடக்கி வைப்பதோடு, திரையைப் படம் எடுக்கவும் பேச்சைப் பதிவு செய்யவும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இதை வெறும் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. பேச்சாளர் இன்னும் அச்சில் வெளியிடாத கண்டுபிடிப்பைக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு குடும்பம் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட கடிதங்கள் திரையில் இருக்கலாம். காவல் இல்லாத காட்டுப்பகுதியில் நிற்கும் நடுகல் ஒன்றின் சரியான இருப்பிடம் அந்த வரைபடத்தில் தெரியலாம். அப்படி வெளியான படம் ஒன்று சிலை திருடுபவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் கூட்டத்தில் எல்லாம் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரமதேயம், இறையிலி, தேவதானம், மிராசு, இனாம் போன்ற சொற்கள் விளக்கமின்றியே வந்து போகும். அவற்றை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கல்வெட்டுச் சொல்லகராதியில் பார்த்தால், நான்காவது ஐந்தாவது கூட்டத்தில் அவை பழகிய சொற்களாகிவிடும்.

குறிப்பெடுக்கும் முறை

முதல் ஆண்டில் நான் எடுத்த குறிப்புகளில் பெரும்பகுதி பின்னாளில் பயன்படாமல் போனது. அதற்குக் காரணமான பிழை ஒன்றைச் சொல்வது உங்களுக்கு உதவும். ஓர் உரையில் பேச்சாளர் ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்லும்போது, ஆண்டறிக்கையில் அதன் எண்ணையும் 1907 என்ற ஆண்டையும் குறிப்பிட்டார். நான் "கல்வெட்டு, 1907" என்று எழுதிக்கொண்டு, அது அந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றே இரண்டு மாதம் நம்பியிருந்தேன். அதை வேறொருவரிடம் சொல்லவும் செய்தேன். கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண்ணும் ஓர் ஆண்டும் தரப்பட்டிருக்கும். அந்த ஆண்டு கல்வெட்டைப் படியெடுத்த ஆண்டு. வெட்டப்பட்ட காலமோ அதற்கு ஏழெட்டு நூற்றாண்டு முந்தியதாக இருக்கும். இதை எனக்கு விளக்கிய மூத்த உறுப்பினர் ஒருவர்தான் பின்வரும் முறையையும் கற்றுக்கொடுத்தார்.

தாளை மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் பிரித்து, இடப்பக்கம் பேச்சாளர் சொன்னதையும், வலப்பக்கம் அதற்கு அவர் காட்டிய சான்றையும் எழுத வேண்டும். வலப்பக்கத்தில் முழுச் சொல் எழுத நேரம் இராது என்பதால், கல்வெட்டுக்குக் "க", செப்பேட்டுக்குச் "செ", ஓலைக்கு "ஓ", பத்திரத்துக்குப் "ப", வாய்மொழிக்கு "வா", ஊகத்துக்கு "ஊ" என்று ஓரெழுத்துக் குறிகளை வைத்துக்கொள்ளலாம். சான்று எதுவும் சொல்லப்படவில்லை என்றால் வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கேள்வி நேரம் வரும்போது அந்த வெற்றிடங்களைப் பார்த்தாலே என்ன கேட்பது என்று தெரிந்துவிடும்.

பேச்சாளரின் வினைமுற்றுகளைக் கூர்ந்து கேளுங்கள். "கட்டினான்" என்பதும் "கட்டியிருக்கலாம்" என்பதும் வேறு. "கருதப்படுகிறது", "எனத் தெரிகிறது", "என்பது செவிவழிச் செய்தி" என்று பொறுப்புள்ள பேச்சாளர் ஒவ்வொன்றையும் அளந்துதான் சொல்வார். அவசரமாக எழுதும்போது நாம் முதலில் விடுவது அந்த "லாம்" என்ற பகுதியைத்தான். இரண்டு எழுத்து விடுபட்டால் ஊகம் உண்மையாகிவிடுகிறது. அது நம் குறிப்பிலிருந்து இன்னொருவர் காதுக்கும், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய், ஆண்டுகள் கழித்து ஊரறிந்த செய்தியாகத் திரும்பி வருகிறது. குறிப்பெடுக்கும்போது வேறெதை விட்டாலும் "லாம்" என்பதை விடாதீர்கள்.

அரசர்களின் ஆட்சியாண்டு வரும் இடத்தில் அரசனின் பெயர், ஆட்சியாண்டு, நாள் எண் இருந்தால் அதுவும் என மூன்றையும் எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள் என்று குறிக்கிறது. அவன் பட்டத்துக்கு வந்தது 985-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. 985-உடன் 25-ஐக் கூட்டினால் 1010 என்று வரும், விடையும் சரிதான். ஆனால் வழி தவறு. 25-ஆம் ஆண்டு நடக்கிறது என்றால் 24 ஆண்டுகள்தான் நிறைந்திருக்கின்றன. ஆகவே அந்த 25-ஆம் ஆண்டு தொடங்கியது 1009-இன் நடுவில், அதிலிருந்து 275 நாள் நகர்ந்தால் 1010-ஆம் ஆண்டு ஏப்ரலை ஒட்டிய நாள்கள் வருகின்றன. அதே கல்வெட்டில் 275-க்குப் பதிலாக 50 என்று இருந்திருந்தால் விடை 1009 ஆகியிருக்கும். நாள் எண்ணை எழுதாமல் விட்டவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அரசனின் பெயரே இல்லாத கல்வெட்டுகளும் உண்டு. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி. கண்டராதித்தனும் சுந்தர சோழனும் முதலாம் இராசராசனும் இராசகேசரிகளே. ஆகவே "கோவிராசகேசரிக்கு யாண்டு 10", அதாவது இராசகேசரி மன்னனின் 10-ஆம் ஆட்சியாண்டு, என்று மட்டும் இருக்கும் ஒரு துண்டுக் கல்லைக் காட்டி "இது இராசராசன் காலத்தது" என்று ஒருவர் சொன்னால், எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, கொண்டு சொல்கிறாரா, உடன் வரும் வேறு பெயர்களைக் கொண்டு சொல்கிறாரா என்று கேட்பது நியாயமான கேள்வி. சொன்னவருக்கும் அது மகிழ்ச்சி தரும். அவர் இரவெல்லாம் உழைத்தது அந்த முடிவுக்காகத்தான் இருக்கும்.

சான்றுகளின் இயல்பு

கல்லில் வெட்டியது என்பதாலேயே ஒன்று முழு உண்மை ஆகிவிடாது. கல்வெட்டு கொடையைச் சொல்லும். கொடுத்த நிலத்தில் உழைத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லாமல் விடலாம். பத்திரம் எல்லைகளைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் விலையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். வாய்மொழிச் செய்தி ஆண்டைக் குழப்பும். ஆனால் எந்தத் தெருவில் யார் நடக்கக்கூடாது என்று இருந்தது என்பதைத் தாளில் தேடினால் கிடைப்பது அரிது, அந்தத் தெருவில் நடக்க முடியாதவரின் பேத்தியிடம் கேட்டால் கிடைக்கும். இவற்றில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஊர்ப்பெயர் விளக்கங்களில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மாதக் கூட்டங்களில் கைத்தட்டல் மிகுதியாகக் கிடைக்கும் பகுதியும் இதுதான், பிழை மிகுதியாக நுழையும் பகுதியும் இதுதான். தரங்கம்பாடி என்ற பெயருக்கு "அலைகள் பாடும் ஊர்" என்று அழகான விளக்கம் சொல்வார்கள். ஆனால் அவ்வூர்க் கோயிலில் உள்ள, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றே இருக்கிறது. பெயரின் இன்றைய வடிவத்தைப் பிரித்துப் பொருள் சொல்வதற்கு முன், அதன் மிகப் பழைய எழுத்து வடிவம் எது என்று தேட வேண்டும். எந்த ஊர்ப்பெயர் விளக்கத்தைக் கேட்டாலும் "இந்தப் பெயர் முதன்முதலில் எந்த எழுத்துச் சான்றில், எந்த வடிவில் வருகிறது?" என்ற ஒரே கேள்வி போதும்.

கேள்வி நேரத்தில்

கேள்வி ஒரே வாக்கியமாக இருக்கட்டும். எழுந்து நின்று ஐந்து நிமிடம் தம் கருத்தைச் சொல்லிவிட்டு இறுதியில் "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடிப்பவர்கள் எல்லா மன்றத்திலும் இருக்கிறார்கள், அவர்களால் பின்வரிசையில் கையுயர்த்திக் காத்திருக்கும் மாணவிக்கு நேரம் கிடைக்காமல் போகிறது. "நீங்கள் காட்டிய வரைபடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, மூலம் எங்கே இருக்கிறது?", "இந்த ஓலையின் பாடம் பதிப்பிக்கப்பட்டுள்ளதா?", "இதற்கு மாறான சான்று ஏதாவது உங்கள் கண்ணில் பட்டதா?" என்பவை எந்த உரைக்கும் பொருந்தும் நல்ல கேள்விகள். மூன்றாவது கேள்விக்குப் பேச்சாளர் சொல்லும் விடையில்தான் அவருடைய நேர்மை தெரியும்.

பேச்சாளர் தவறாகச் சொல்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தாலும், அவையில் "நீங்கள் சொன்னது தவறு" என்று தொடங்க வேண்டாம். "நான் படித்த நூலில் வேறுவிதமாக இருந்தது, எது சரி என்று எப்படி முடிவு செய்வது?" என்று கேட்டால், பிழை திருந்தவும் வழி உண்டு, நாம் தவறாகப் படித்திருந்தால் நமக்கும் வழி உண்டு. சாதி, கோயில் உரிமை, நிலத்தகராறு பற்றிய கேள்விகள் அவையைச் சில நொடிகளில் இரண்டாகப் பிரித்துவிடும். அவற்றைக் கேட்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வரலாற்றில் அவை இருக்கின்றன. இன்றைய வழக்குக்குச் சான்று தேடும் நோக்கத்தோடு கேட்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

வீடு திரும்பியபின்

அன்றிரவோ மறுநாளோ குறிப்பைப் படித்து, கிறுக்கலாக இருப்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழிந்தால் நம் எழுத்து நமக்கே புரியாது. பிறகு உரையில் கேட்ட செய்திகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மூலத்தைத் தேடிப் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதி வரிசையின் முதல் தொகுதி ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரின் பதிப்பாக 1890-இல் வெளிவந்தது. அந்த வரிசை பெரிய நூலகங்களில் இருக்கும். உரையில் கேட்ட வரியை அச்சில், அதன் பழைய எழுத்து நடையிலேயே, வாசிக்கும்போது கிடைக்கும் நிறைவு தனி. மாதத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சான்றுகளை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஐம்பது உரைகளைக் கேட்டு எதையும் சரிபார்க்காதவரைவிட நீங்கள் அப்போது முன்னே நிற்பீர்கள்.

வீட்டிலுள்ள பொருளைக் கொண்டுசெல்வது

சில கூட்டங்கள் கழிந்ததும் வீட்டிலிருக்கும் ஓலையையோ பத்திரத்தையோ காட்ட வேண்டும் என்று தோன்றும். மூலத்தைக் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தெளிவாகப் படமெடுத்து, அருகில் ஓர் அளவுகோல் தெரியும்படி வைத்து, அந்தப் படங்களைக் கொண்டுபோங்கள். கட்டாக இருக்கும் ஓலைகளையும் தாள்களையும் பிரிக்கும் முன் அவை இருந்த வரிசையை எண்ணிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்; வரிசையும் ஒரு சான்றுதான். கிழிந்த தாளுக்குச் செலோ டேப் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும், பழைய காசையும் செப்பேட்டையும் புளி போட்டுத் தேய்ப்பதும் திருத்த முடியாத கேடு. பச்சை படிந்த செப்பேட்டை அப்படியே வைத்திருங்கள்.

கல்லில் தேய்ந்த எழுத்தைப் படிக்க மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின் மேல் எழுதுவது ஆகிய மூன்றும் இன்றும் நடக்கின்றன, மூன்றும் வேண்டாம். சுண்ணாம்புக்கட்டியால் எழுதுபவர் கல்லில் இருப்பதை எழுதுவதில்லை, தாம் இருப்பதாக எண்ணுவதை எழுதுகிறார். மன்றத்தின் களப்பயணம் ஒன்றில் இதற்கான எளிய மாற்றைக் கண்டேன். நண்பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த பலகை ஒன்றின் மீது, பொழுது சாயும் நேரத்தில், ஒரு மூத்த உறுப்பினர் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறத்தாழ அதன் பரப்பை ஒட்டினாற்போல் பிடித்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்தது. முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு கால், பிறகு "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற மங்கலச்சொல் முழுதாகக் கண்முன் எழுந்தது. கூட்டத்தில் பத்து மாதம் கேட்டது அந்தக் கணத்தில்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. களப்பயண அறிவிப்பு வந்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டாவது செல்லுங்கள். மைப்படி எடுப்பதை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடிக்கும் வேகத்தில் சற்றுப் பிசகினாலும் தாள் கிழியும், பொருக்குவிட்ட கல்லாக இருந்தால் எழுத்தும் உதிரும்.

நீங்களே பேசும் நாள்

ஆறு கூட்டங்கள் வரை பார்வையாளராகவே இருந்துவிட்டு, மன்றம் பிடித்திருந்தால் உறுப்பினராகுங்கள். நாற்காலி போடுவது, ப்ரொஜெக்டரை இணைப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது என்று ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கூட்டக் குறிப்பு எழுதும் பணி கிடைத்தால் விடவே விடாதீர்கள், ஒவ்வொரு பேச்சாளரிடமும் சான்று விவரங்களை உரிமையோடு கேட்டு வாங்க அது வழி செய்யும்.

பெரும்பாலான மன்றங்களில் உறுப்பினர் சிற்றுரைக்கு என்று பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். அதற்கு "எங்கள் ஊர் வரலாறு" என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒரு பத்திரம், ஒரு கிணறு, ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஒரு தெரு என்று சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவணத்தை எடுத்துக்கொண்டால், முதலில் அது எங்கே, எப்படிக் கிடைத்தது என்பதையும், பிறகு அதில் எழுதியிருப்பதை வரிவரியாகவும், அதன்பின் அதிலிருந்து நீங்கள் என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதையும் இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், அந்தச் சொல்லின் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டி அவையையே கேளுங்கள். நில அளவையில் பணியாற்றிய ஒருவரோ, பத்திர எழுத்தராக இருந்தவர் ஒருவரோ அந்த அவையில் நிச்சயம் இருப்பார். நீங்கள் ஒரு மாதம் தடுமாறிய சுருக்கெழுத்தை அவர் பார்த்த உடனே படித்துவிடலாம்.

பேசி முடித்தபின் உரையின் எழுத்து வடிவத்தையும் படங்களையும் தேதியிட்டுச் செயலாளரிடம் ஒரு படி கொடுங்கள். எந்த ஆவணம், யாரிடம் இருக்கிறது, எந்த நாளில் பார்த்தீர்கள், படமெடுக்க யார் அனுமதித்தார்கள் என்பவற்றை அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவையில் கிடைத்த திருத்தங்களை, சொன்னவரின் சம்மதத்தோடு, அதே படியில் சேர்த்துவிடுங்கள்.